முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் மையம்

குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 43, டிராக்டர் ஓட்டுகிறார். பத்து வருஷத்துக் குடி. இப்போது தினம் இரண்டு குவார்ட்டர் பிராந்தி. காலையில் காபி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வாய்க்குப் போகிறதாம். கடை 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்துக்கொள்கிறார். போன வருஷம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, குடியை நிறுத்தியிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. உறவுக்காரர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, விடிந்ததும் கொஞ்சம் சரக்கை ஊற்றிக் கொடுத்து அடக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து, “நிறுத்தினா செத்துருவேன்” என்கிறாராம்.

அவருடைய கேள்விகள் இவை. தெரிந்தவர் ஒருவர் சொல்லும் மறுவாழ்வு மையம் வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப் போய்விடும், மூன்று மாசம் வைத்திருக்கும், மாசம் 15,000 ரூபாய் கேட்கிறது. அங்கே அனுப்பலாமா? சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா? பக்கத்தில் அரசாங்கத்தில் என்ன வசதி இருக்கிறது? கடைசி வரியில், பிளஸ் டூ படிக்கும் மகனின் சட்டைப் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பாக்கெட் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் உங்கள் கேள்விக்கு வழியும் இருக்கிறது. நிறுத்தினால் செத்துவிடுவேன் என்று அவர் சொல்வதை நீங்கள் சாக்கு என்று நினைக்கிறீர்கள். அது சாக்கு இல்லை. அவர் உடம்பு ஒரு தடவை அந்த இடம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. அவர் பயப்படுவது சிகிச்சைக்கு அல்ல, அந்த இரண்டாம் நாள் ராத்திரிக்கு. அந்த ராத்திரியை ஆபத்தில்லாமல் கடக்க வைக்கும் இடம் எதுவோ அதுதான் நீங்கள் முதலில் தேட வேண்டியது. அது மறுவாழ்வு மையம் இல்லை, ஆஸ்பத்திரி.

அவருக்கும் புரியும்படி டிராக்டர் பாஷையிலேயே சொல்கிறேன். சாராயம் மூளைக்குப் பிரேக் மாதிரி. வருஷக்கணக்கில் பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓடவேண்டியிருந்தால் என்ன செய்வோம்? ஆக்சிலேட்டரைக் கூடுதலாக அழுத்துவோம். மூளையும் அதைத்தான் செய்து பழகிவிட்டது. குடியைத் திடீரென்று நிறுத்தும்போது பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது, ஆக்சிலேட்டர் அப்படியே அழுந்தி இருக்கிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் இதுதான்.

இது மணிக்கணக்குப்படி வரும். கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதையும் தாண்டி 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். ஆள் அடையாளம் தெரியாது, போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்குவார்கள், சுவரில் யாரோ நிற்பதாகச் சொல்வார்கள், உடம்பு காயும். இதைப் பேய் பிடித்தது என்றோ பைத்தியம் என்றோ நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போவதில் போகிற நேரத்தில் உயிரும் போகும். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கடுமையாகலாம்.

அளவையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீத பிராந்தி என்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். இரண்டு குவார்ட்டருக்கு 120 கிராம். ஆண்களுக்கு நாளுக்கு 100 கிராமைத் தாண்டினாலே மிக உயர்ந்த ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆகவே அவர் வீட்டிலேயே நிறுத்தக்கூடாது. கோயிலுக்கு மாலை போட்டோ, பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தோ, அறையில் பூட்டி வைத்தோ நிறுத்தக்கூடாது. ஆஸ்பத்திரியில் சேரும் நாள் வரை அவர் திடீரென்று நிறுத்தாமல் இருப்பதே நல்லது. இதைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை இதுதான்.

அதற்குள் வலிப்பு வந்துவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள், எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பாருங்கள். சாவிக்கொத்து, அரிவாள், இரும்பு எதுவும் வலிப்பை நிறுத்தாது. அது ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும்போது கையில் சாவி இருக்கிறது, அவ்வளவுதான். வாய்க்குள் கரண்டியை விட்டால் பல் உடையும். தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வலிப்பு நின்று தூங்கிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

இன்னொரு தப்பு நம் பக்கத்தில் சர்வசாதாரணமாக நடக்கிறது. “ஆள் துவண்டு கிடக்கிறார், தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று பக்கத்து ஊர் ஊசி போடுகிறவரைக் கூட்டி வருவார்கள். குடிக்கிறவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும், ஏனென்றால் சோறு இறங்குவதில்லை, இறங்கியதும் குடலில் சேர்வதில்லை. குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு அந்த பி1 வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் மூளை பட்டினி கிடக்கும். கண்மணி பக்கவாட்டில் ஆடும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். தள்ளாட்டத்தைப் பார்த்து, “திரும்பக் குடிச்சிட்டார்” என்று எல்லோரும் ஏசிக்கொண்டிருப்பார்கள். அப்படியே விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடும். ஆஸ்பத்திரியில் முதலில் பி1 ஊசி போட்டு, பிறகோ கூடவேயோதான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

இப்போது எங்கே போவது என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு நேர் வழி திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விளமலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு என்று கேளுங்கள். மனநலம் என்ற பெயரைப் பார்த்து, “எனக்கென்ன பைத்தியமா” என்று அவர் கேட்பார். குடியை விடுவிக்கும் மருத்துவர் உட்காரும் இடம் அதுதான், அரசு மருத்துவமனைகளில் அந்தப் பிரிவுக்கு அந்தப் பெயர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கும்பகோணம், வலங்கைமான் பக்கம் இருக்கிற வாசகர்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதி. நாகப்பட்டினத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மயிலாடுதுறைக்காரர்கள் அங்குள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் அது எந்தக் கிழமை என்று கேட்டு வையுங்கள், பின்னால் தொடர் சிகிச்சைக்கு அந்தக் கிழமை உதவும். முதல் தடவைக்கு மட்டும் அங்கே வேண்டாம். வலிப்பு வந்தவர் படுக்கை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போகட்டும்.

2025இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. உங்களுக்கு எது பக்கம், படுக்கை இருக்கிறதா என்பதை மருத்துவ உதவி எண் 104இல் கேட்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மூன்றும் இலவசம். 14446இல் பேசும்போது, “எங்கள் மாவட்டத்தில் மத்திய அரசின் உதவி பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையம் எது, பக்கத்து மாவட்டத்தில் எது” என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். பொதுவாக ‘நல்ல மையம் சொல்லுங்க’ என்றால் பதிலும் பொதுவாகவே வரும்.

அவரிடம் பேசும் நேரம் முக்கியம். ராத்திரி போதையில் பேசினால் சண்டை. விடிந்தவுடன் நடுக்கத்தில் பேசினால் காதில் ஏறாது. ஏதாவது உள்ளே போய் நடுக்கம் அடங்கி, போதை இன்னும் ஏறாத ஒரு மணி நேரம் எல்லா வீட்டிலும் உண்டு, அது எப்போது என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்போது, “குடிய விடுங்க” என்று தொடங்காதீர்கள். அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். “என்னங்க, நிறுத்தினா வலிப்பு வரும்னு நீங்க பயப்படுறது நிஜம்தான். அது வராம மருந்து கொடுத்துப் பாத்துக்குவாங்களாம். ஒரு வாரம், பத்து நாள். நான் கூடவே இருக்கேன், திங்கக்கிழமை போவோம்” என்று சொல்லிப் பாருங்கள். நாள் குறிக்காத ‘போவோம்’ எந்த வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அவர் மதிக்கிற ஒருவர், அண்ணனோ டிராக்டர் முதலாளியோ, அன்று காலை கூட வந்தால் நல்லது. நான்கு பேர் சுற்றி நின்று நியாயம் பேசுவது வேண்டாம்.

எந்த மாசம் போவது என்று நினைப்பீர்கள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், கொள்முதல் நிலையத்தில் லோடு முடியட்டும் என்று தள்ளினால் குறுவை போய்ச் சம்பாவும் தாளடியும் வரும். வேலை முடிந்து காசு கையில் இருக்கிற நாட்கள்தான் குடி அதிகமாகிற நாட்களும். உழவுக்கும் அறுப்புக்கும் இடையில் எந்தப் பத்து நாள் கிடைத்தாலும் அதுவே நல்ல நாள். நாகை, வேதாரண்யம் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் கிடைக்கிறது. சிகிச்சைக்கும் அதன் பின் பார்வைக்கும் சேர்த்து அளந்து கொடுத்த மாதிரி அது.

காலையில் ஓ.பி. சீட்டு போடும் வரிசைக்கு 8 மணிக்கே போய்விடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், இரண்டு கைலி, போர்வை, தம்ளர், தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அட்மிஷன் போட்டால் கூட ஒரு ஆண் தங்க வேண்டியிருக்கலாம், அந்த ஆளை முதலிலேயே பேசி வையுங்கள். இங்கேதான் நிறைய பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். படுக்கை கிடைக்கிறது, கூட இருக்க ஆள் இல்லை. முடிந்தவரை போதை இல்லாமல் போவது நல்லது. ஆனால் குடித்துவிட்டார் என்பதற்காக வாசலிலிருந்து திரும்பி வராதீர்கள்.

மருத்துவரிடம் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், வரிசையில் நின்று களைத்தபின் மறந்துபோகும். தினம் எவ்வளவு, எத்தனை வருஷம், காலையில் எத்தனை மணிக்கு முதல் வாய், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. போன வருஷத்து வலிப்பை முதல் வரியில் எழுதுங்கள், அதுதான் அட்மிஷனா மாத்திரையோடு வீட்டுக்கா என்பதையே முடிவு செய்யும். சர்க்கரை, பிரஷர் உண்டா, கண் மஞ்சளானதா, ரத்த வாந்தியோ கறுப்பாக மலமோ உண்டா, எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டதா, செத்துப்போகிறேன் என்று பேசுவதுண்டா. வெட்கப்பட்டு இரண்டு குவார்ட்டரை ஒன்று என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறையும், வலிப்பு வரும்.

உள்ளே நடப்பது பெரிய மர்மம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை, கல்லீரல், உப்புச்சத்து பார்ப்பார்கள். குடி அடக்கி வைத்திருந்த வேலையை ஒரு மாத்திரையிடம் ஒப்படைப்பார்கள், பெரும்பாலும் குளோர்டயசெபாக்சைடு. கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். முதல் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்து, அப்புறம் தினம் கொஞ்சமாகக் குறைத்து, 5 முதல் 10 நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே பி1. முதல் நாளே இரண்டு மாத்திரையில் தூங்கிவிடுவார், “மருந்து கொடுத்து மயக்கிட்டாங்க” என்று பதறவேண்டாம். மூன்றாம் நாள் நன்றாக எழுந்து உட்கார்ந்து, “சரியாப் போச்சு, வீட்டுக்குப் போவோம்” என்பார். போகக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகிறவர்கள் அதிகம் போவது அன்றைக்குத்தான், மூளைக்கோ அதுதான் நடு ஆபத்துக் காலம். இதே மாத்திரைகளைக் கடையில் வாங்கி வீட்டிலேயே கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவற்றோடு குடியும் சேர்ந்தால் மூச்சு அடங்கும், பழகினால் இதுவே இன்னொரு போதை.

பொடிக்கு வருகிறேன். வாங்காதீர்கள். இப்படி விற்பதில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. ஒருவேளை அதில் டைசல்ஃபிரம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்தால், அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் தடாலென்று இறங்கும். இருதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். ஒன்றும் இல்லாத வெறும் இலைப்பொடி என்றால் உங்கள் காசு போனது. இரண்டும் இல்லாமல் அது வேலை செய்து அவர் குடியை நிறுத்திவிட்டால், வீட்டில் மறுபடி அந்த இரண்டாம் நாள் ராத்திரி! டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான். மருத்துவர் பரிசோதித்து, அவருக்கே விளக்கி, அவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத் தொடங்க வேண்டிய மருந்து. தினம் காலையில் உங்கள் முன்னால் அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும். இதைச் சாப்பிடுகிறவர் அரிஷ்டம் குடிக்கக்கூடாது, அதில் இயற்கையாகவே ஆல்கஹால் ஊறியிருக்கிறது. சில இருமல் டானிக்குகளும் அப்படியே.

குடிக்கிற ஆசையைக் குறைக்கும் மருந்துகள் வேறு உண்டு. நால்ட்ரெக்ஸோன் தினம் 50 மில்லிகிராம், இதற்குக் கல்லீரலைப் பார்க்க வேண்டும். அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, இதற்குச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். எது என்பது மருத்துவர் முடிவு. இப்படி மருந்துகள் இருக்கின்றன என்பதே தெரியாமல் பல குடும்பங்கள் பத்து நாள் வார்டோடு முடித்துக்கொள்கின்றன. அதனால்தான் பெயரோடு சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த வண்டி. அதற்கு என் பதில், அனுப்பாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 குடிநோயையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. சம்மதம் இல்லாதவரைச் சேர்க்க வழி உண்டு. ஆனால் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாக, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ அவரைப் பரிசோதித்து, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். நான்கு பேர் வந்து தூக்கிப்போட்டுக்கொண்டு போவது அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால், பரிசோதிக்க 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாமே தவிர, 90 நாள் ஆகாமல் விடமாட்டோம் என்று சொல்ல முடியாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தூக்கிப் போகிற அன்றே அவருடைய குடி நிற்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி அவர் யாரும் கவனிக்காத ஒரு அறையில், நர்ஸ் இல்லாத ஒரு கட்டடத்தில் இருப்பார்.

ஆனால் எல்லாத் தனியார் மையத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நல்லவை இருக்கின்றன, ஆஸ்பத்திரிப் பத்து நாளுக்கு அப்புறம் ஒரு மாசமோ மூன்று மாசமோ தங்கிப் பழகும் இடம் சிலருக்குத் தேவைதான். வீட்டில் குடிக்கிற தம்பி இருந்தால், வேலை செய்யும் இடத்திலேயே சரக்கு ஓடினால், இரண்டு தடவை வார்டில் இருந்து திரும்பவும் குடித்திருந்தால் தேவை. அப்போது நேரில் போய்ப் பாருங்கள், போனில் முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று சுவரில் இருக்க வேண்டும், தேதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் யார், எந்தெந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். “ராத்திரி வலிப்பு வந்தா என்ன செய்வீங்க” என்று கேளுங்கள். எந்த நர்ஸ் இருப்பார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று பதில் வரவேண்டும். “இங்கெல்லாம் அப்படி வராதும்மா” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படுக்கும் இடத்தையும் கக்கூஸையும் காட்டச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை பார்க்கலாமா, போனில் பேசலாமா, கட்டணத்துக்கு ரசீது உண்டா, பாதியில் வந்தால் மீதி என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், அசல் ஆதாரை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம். அடிக்கிறார்கள், அடைத்து வைக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸுக்கும் கலெக்டருக்கும் சொல்லலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100.

ஊர் அறிந்தால் மானம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, உங்கள் பக்கத்து மஞ்சக்குடியிலேயே முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்கு ஊர் நடுவில் சிகிச்சை கொடுத்திருக்கிறது. அந்த அனுபவம் 1994இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாகவே வந்தது. ஊரும் குடும்பமும் கூட நின்றதே அந்த முறையின் பலம். அவர் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். சிகிச்சைக்குப் போகிறார் என்பது மட்டும்தான் இனிமேல் தெரியப்போகிற சேதி.

வீடு திரும்பியபின் முதல் மூன்று மாசம்தான் கடினம். மருந்தில் இருக்கும் வரை டிராக்டர் சாவியைக் கையில் கொடுக்கவேண்டாம். தூக்க மாத்திரை வகை முழுதும் நின்று, மருத்துவர் சரி என்றபின் வண்டி ஏறட்டும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே பேசி, அதுவரை வேறு வேலை கேளுங்கள். கூலியை முதலாளி உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும், இதற்கு அவர் சம்மதிப்பது ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நடக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் சம்மதிக்க மாட்டார். காரைக்கால் பக்கம் லோடு இருந்தால் மூன்று மாசத்துக்கு வேண்டாம். அங்கே சரக்கு விலை குறைவு என்பதோடு, போய்த் திரும்புகிற வழியும் கூட வருகிற ஆட்களும் பழைய நினைப்பைக் கிளப்பும். கிடா வெட்டு, கருமாதி, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, இவற்றுக்குத் தலையைக் காட்டிவிட்டு உடனே திரும்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆசை கிளம்பினால் அது அலை மாதிரி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்குச் சாப்பாடு நல்ல மருந்து. வெறும் வயிறும் உடம்பு அசதியும் ஆசையைக் கூட்டும், ஆகவே சாயங்காலம் வேலை விட்டு வந்தவுடன் முதலில் சோறு போட்டுவிடுங்கள்.

வாரம் ஒரு தடவை ஓ.பி., அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு தடவை என்று குறைந்தது ஒரு வருஷம் போகவேண்டும். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று மனநலப் பிரிவிலேயே கேளுங்கள். கட்டணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கு அல்‑அனான் என்று தனியாக உண்டு. ஒரு நாள் திரும்பக் குடித்துவிட்டால் அன்றே சண்டை போடாமல், மறுநாளே ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் வழுக்கியதை ஒரு மாசம் மறைத்தால் பழைய இரண்டு குவார்ட்டருக்கே போய்விடும், அப்போது மறுபடி வலிப்புக் கணக்கும் முதலிலிருந்து. டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் குடித்துவிட்டால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அவர் கை ஓங்குவதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் நேர்ந்தால் 181 பெண்களுக்கான உதவி எண். சிகிச்சை பாதியில் இருக்கிறதே என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இதே மாதிரிக் கடிதம் கஞ்சாவுக்கும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் பையன்களுக்கும் வருகிறது. அவர்களுக்கும் இதே மனநலப் பிரிவுதான். ஊசி போட்டவர்கள் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ள வேண்டும். தன் உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருந்த வழக்கில் மாட்டியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

மகன் விஷயம். பாக்கெட்டை எடுத்துக்காட்டி, “அப்பா மாதிரியே ஆயிட்டே” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் பையன் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவான். கூல் லிப் புகையிலைதான், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் பை. அதிலும் நிகோடின்தான் பிடிக்கிறது, நாள்பட்டால் வாயில் வெள்ளைத் திட்டு, புண், வாய்ப் புற்றுநோய் வரை போகும். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய எண் 1800‑112‑356, அவனே பேசட்டும். அப்பாவைத் திங்கட்கிழமை திருவாரூருக்குக் கூட்டிப் போகும்போது, அவனுடைய பள்ளிக்கு லீவு இருந்தால் அவனையும் அழைத்துப் போங்கள். அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும். அங்கே அதே மருத்துவரிடம், தனியாக ஐந்து நிமிஷம், நீங்கள் வெளியே நிற்க, அவன் பேசிவிட்டு வரலாம்.